நாற்பது பெட்டிக்கு ஒரே மச்சம்

என் சகலையை நாக்கைப் பிடுங்கிக்கொள்ளும்படி நான்கு வார்த்தை கேட்க வேண்டும் என்று இரண்டு வருடமாகக் காத்திருந்தேன். அவர் என் மனைவியின் தங்கையைக் கட்டியவர். கேட்க வேண்டியதைக் குளிக்கும்போது ஒருமுறை, சாலிடரிங் இரும்பு சூடாகும்வரை ஒருமுறை என்று தினமும் ஒத்திகை பார்த்துவிடுவேன். வசனமெல்லாம் தயார். ஆள்தான் எதிரில் வரவில்லை.

அப்படியிருக்க, ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கடையைத் திறந்து பத்து நிமிடம்கூட ஆகவில்லை, மச்சினி மூச்சு வாங்க மாடிப்படி ஏறி வந்தாள். இரண்டு வருடத்தில் முதல்முறை. அவளும் என் மனைவியும் எனக்குத் தெரியாமல் போனில் பேசிக்கொள்வது எனக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருந்தேன். நேரில் போய்ப் பார்க்கக் கூடாது என்று நான் போட்ட தடையை என் மனைவி மீறவில்லை என்பதே எனக்குப் பெருமையாக இருந்தது. அவ்வளவு கறுவிக்கொண்டு திரிந்தவன் நான்.

"மாமா, உள்ள வரலாமா?"

"வந்து நின்னுட்டுக் கேக்குறியா? உக்காரு."

அவள் உட்காரவில்லை. "அவருக்கு வேலை போயிடும் போல இருக்கு மாமா. லைப்ரரில எல்லா கம்ப்யூட்டரும் படுத்துருச்சு."

"படுத்துருச்சுன்னா? ஆன் ஆகலையா?"

"ஆன் ஆகுது. ஒண்ணே ஒண்ணு போட்டா நல்லா ஓடுது. எல்லாத்தையும் சேத்துப் போட்டா ஒண்ணை ஒண்ணு பிடிச்சுத் தள்ளுதாம். போன வாரம்தான் நெட்வொர்க் போட்டாங்க. அன்னைலேருந்து ஆளுங்க வந்து வயரை மாத்துறாங்க, என்னென்னமோ மாத்துறாங்க. ஒண்ணும் ஆகல. நீங்க ஒருதடவை வந்து பாருங்க மாமா."

"அவரு அனுப்பினாரா?"

"நான் வந்தது அவருக்குத் தெரியாது."

எனக்கு உள்ளுக்குள் தேன் ஊறியது. பொய் சொல்வானேன், வயிறு குளிர்ந்தது.

எனக்கும் சகலைக்கும் என்ன தகராறு என்று சொல்லிவிடுகிறேன். நான் மதர்போர்டின் பயாஸை மாற்றி எழுதுகிறவன். பொத்தானை அழுத்தியதும் கணினி முதன்முதலில் படிப்பது அதைத்தான். போர்டின் மேல் கால்விரல் நகம் அளவுக்கு ஒரு சிப் இருக்கும், அதற்குள் இருக்கும். நீ யார், உனக்கு என்னென்ன உறுப்புகள், எங்கிருந்து எழுந்திருக்க வேண்டும் என்று அதுதான் கணினிக்குச் சொல்லும். நூலகத்தில் நாற்பது பழைய கணினிகள் இருந்தன. எல்லாம் ஒரே மாடல். புதிய வகை வேகமான டிஸ்கை அவற்றின் பயாஸுக்கு அடையாளம் தெரியாது. அதனால் மொத்தத்தையும் தூக்கிப் போடுவதாக இருந்தார்கள். நானும் சகலையும் அப்போது ஒரே கடையில் கூட்டாக இருந்தோம். நான் போய், "போட வேண்டாம், பயாஸை மாற்றித் தருகிறேன்" என்றேன்.

நான்கு மாதம் மல்லுக்கட்டினேன். புதிய டிஸ்கை அடையாளம் காணும் துண்டை உள்ளே சேர்க்க வேண்டும். சிப்பில் இடம் இல்லை. தயாரித்தவனின் அலங்காரப் படம் ஒன்று உள்ளே சும்மா கிடந்தது. அதைப் பிடுங்கி இடம் செய்தேன். இதில் ஒரு கண்டம் உண்டு. ஒன்றைப் பிடுங்கினால், மிஞ்சுகிற பள்ளத்தை அதே அளவுக்கு வெற்றுப் பதிவு போட்டு நிரப்ப வேண்டும். கொஞ்சம் கூடக்குறைய இருந்தாலும் பின்னால் இருப்பதெல்லாம் நகர்ந்துவிடும். கணினி எழுந்து தன் முதல் வரியைத் தேடும், கிடைக்காது, விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருக்கும். அத்தோடு சரி.

முதல் போர்டை நூலகத்திலேயே வைத்து எழுதினோம். எழுதினேன், எழுதியதைத் திரும்பப் படித்து ஒப்பிட்டேன், சரியாக இருந்தது. அப்படியே வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் சகலை அதன் முன்னால் உட்கார்ந்திருக்கிறார், போர்டு செத்துக் கிடக்கிறது.

"நான் ஆன் பண்ணத்தான் செஞ்சேன் சகல. வேற ஒண்ணும் தொடல" என்றார்.

நம்புவேனா? நான் இல்லாத நேரத்தில் தானும் எழுதிப் பார்க்கலாம் என்று கை வைத்திருக்கிறார் என்றேன். வாய்ச்சண்டை முற்றியது. தலைமை நூலகர் வந்து கேட்டபோது அவர், "சகலைதான் எழுதினாரு மேடம்" என்று என்னைக் கைகாட்டினார். நான் கத்திய கத்தலில் வாசிப்பு அறையில் இருந்தவர்களெல்லாம் எழுந்து நின்றுவிட்டார்கள். அன்றே வெளியேறினேன். மறுநாள் என் கோப்பை ஒருமுறை சரிபார்த்து, திருத்தி, கடைக் கணினியில் கடைசி வடிவமாகச் சேமித்ததோடு கூட்டுக்கும் முழுக்குப் போட்டேன். அந்தக் கோப்பை எடுத்துக்கொண்டு போய் சகலை முப்பத்தொன்பது கணினிகளிலும் எழுதினார், செத்ததற்குப் பதில் அதே மாடலில் இன்னொன்றை வாங்கி, அதிலும் எழுதி நாற்பதாக்கினார், நூலகத்திலேயே தொழில்நுட்ப மேலாளராக உட்கார்ந்துகொண்டார். அதோடு விட்டாரா? நான் போர்டைக் கெடுத்துவிட்டுக் கலாட்டா செய்ததாகவும், என்னை இனி உள்ளே விட வேண்டாம் என்றும் எழுத்தில் கொடுத்தார். அந்தக் கடிதம் ஊரில் எத்தனை அலுவலகத்துக்குப் போனதோ, "கிளிப்புக்காரர் கை வச்சா போர்டு போயிடுமாம்" என்ற பேச்சு மட்டும் என் கடைக்கே வந்து சேர்ந்தது. சிப்பைக் கவ்வும் கிளிப்போடு எப்போதும் அலைவதால் எனக்கு அந்தப் பெயர். இருபது வருடம் சம்பாதித்த பெயரை ஒரு தாளில் துடைத்துவிட்டார்.

மச்சினியிடம், "வரேன்னு சொல்லு" என்றேன். "மேடத்துக்கிட்டயும் சொல்லிடு. அவங்க கூப்பிட்டாத்தான் வருவேன்."

அரை மணி நேரத்தில் தலைமை நூலகரே கூப்பிட்டார்.

நூலக வாசலில் காவலாளி என் பெயரைக் கேட்டார். மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருந்த ஒரு தாளைக் குனிந்து பார்த்தார். "சார், உங்கள உள்ள விடக் கூடாதுன்னு போட்டிருக்கே."

"தெரியும். அதப் போட்டவரையே கூப்பிடுங்க."

தலைமை நூலகர் வந்தார். ஐம்பது வயது, கழுத்தில் சங்கிலி போட்ட கண்ணாடி, நாலு நாள் தூக்கமில்லாத முகம். அவர் பின்னால் சகலை. என்னைப் பார்த்ததும் அவர் மூஞ்சியில் ஈயாடவில்லை.

"வாங்க சகல" என்றார். கடைசி எழுத்து வெளியே வரவே இல்லை.

கணினி அறை நீளமானது. இரண்டு வரிசை மேசைகள், கணினிப் பெட்டிகள் எல்லாம் மேசைக்கு அடியில். நெட்வொர்க் ஆட்கள் கழற்றிப் போட்ட வயர்கள் ஒரு மூலையில் குவிந்திருந்தன. நாற்பதையும் ஆன் செய்யச் சொன்னேன். நடுக் கணினியில் உட்கார்ந்து, நெட்வொர்க்கில் யார் யார் இருக்கிறார்கள் என்ற பட்டியலைத் திறந்தேன். நாற்பது பெட்டி கண்முன் ஓடுகிறது. பட்டியலில் ஒரே ஒரு பெயர். அதுவும் வருகிறது, மறைகிறது, வருகிறது. பக்கத்தில் இருந்த எண்ணைப் பார்த்தேன். சிரிப்பு வந்துவிட்டது.

ஒவ்வொரு போர்டுக்கும் நெட்வொர்க்கில் தன்னைக் காட்டிக்கொள்ள ஒரு தனி எண் உண்டு. பன்னிரண்டு எழுத்து. பிறக்கும்போதே வருவது. நான் அதை மச்சம் என்பேன். இந்த மாடலில் அந்த மச்சம் பயாஸ் சிப்புக்குள்ளேயே இருக்கும். ஆகவே ஒரு போர்டுக்கான கோப்பை இன்னொன்றில் எழுதுவதற்கு முன்னால், அந்தப் போர்டின் சொந்த மச்சத்தை எடுத்துப் புதுக் கோப்பில் அதே இடத்தில் பதித்துவிட்டுத்தான் எழுத வேண்டும். நான் கையோடு செய்துவிடுவேன். யாரிடமும் சொன்னதில்லை, சகலைக்கும் தெரியாது. அவர் என் கோப்பை அப்படியே நாற்பதிலும் அப்பியிருக்கிறார். அந்தக் கோப்போ அதே மாடலான என் வீட்டுக் கணினியிலிருந்து எடுத்து நான் செதுக்கியது. இரண்டு வருடமாக இவை தனித்தனியே ஓடியதால் யாருக்கும் தெரியவில்லை. இப்போது ஒன்றாகக் கட்டியதும் நாற்பதும் "நான்தான் அது, நான்தான் அது" என்று அடித்துக்கொள்கின்றன.

என்னை உள்ளே விடாத கட்டிடத்தில் நாற்பது பெட்டியும் என் வீட்டுப் பெட்டியின் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தன.

அதை அவர்களுக்கு விளக்கிச் சொன்னேன், சுருக்கமாக இல்லாமல், நன்றாக இழுத்து. ஊழியர்கள் ஏழெட்டுப் பேர் சுற்றி நின்றார்கள். "ஒரு கோப்பத் திருடினா, அது யாரோடதுன்னு அதுவே சொல்லும் மேடம்" என்று முடித்தேன். சகலை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி பண்ண முடியுமா?" என்றார் தலைமை நூலகர்.

"முடியும். போர்டுலயே ஒரு ஸ்டிக்கர்ல மச்சம் அச்சடிச்சிருக்கும். ஒவ்வொரு பெட்டியாத் திறந்து அதப் பாத்துப் படிக்கணும். படிக்கப் படிக்க நான் மாத்திருவேன். திறந்து படிக்கிறது இவருதான் செய்யணும். வேற யாரும் உதவிக்கு வரக் கூடாது."

தலைமை நூலகர் சகலையைப் பார்த்தார். சகலை சரியென்று தலையை ஆட்டினார்.

"இன்னொண்ணு. வேலை முடிஞ்சதும் இவரு எழுதித் தரணும். இந்தத் தப்பு மட்டும் இல்ல, அன்னைக்கு அந்தப் போர்டக் கெடுத்ததும் நான்தான், சகலை மேல அபாண்டமாப் பழி போட்டேன்னு. என் பேரு கெடக்குற அதே கண்ணாடிக்கு அடியில அது இருக்கணும்."

சகலை நிமிர்ந்தார். "மச்சம் தப்பு என்னோடது. நூறு தடவை எழுதித் தரேன். ஆனா அந்தப் போர்ட நான் தொடல சகல."

"அப்ப ஆவி வந்து எழுதிட்டுப் போச்சா?"

"நெஞ்சுல கை வச்சுச் சொல்றேன்."

"நெஞ்சை விடுங்க. முழங்காலைப் போடுங்க, முதல் பெட்டிக்குப் போவோம்."

அப்படித்தான் ஆரம்பித்தது. சகலைக்குத் தொந்தி உண்டு. மேசைக்கு அடியில் புகுந்து, பக்கப் பலகையைக் கழற்றி, வாயில் டார்ச்சைக் கவ்வி ஸ்டிக்கரைத் தேடி, பிறகு டார்ச்சைக் கையில் எடுத்துக்கொண்டு உரக்கப் படிப்பார். "நாலு, எட்டு, பூஜ்யம், டி..." நான் மேலே நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து விசைப்பலகையில் தட்டுவேன். மச்சத்தை மட்டும் மாற்ற கிளிப்பெல்லாம் வேண்டாம். பென்டிரைவில் ஒரு சின்ன நிரல் போதும். எனக்கு முதல் முறையே காதில் விழுந்தாலும், "சரியாக் கேக்கல, இன்னொரு தடவை" என்பேன். அவர் மறுபடி படிப்பார். பன்னிரண்டாவது பெட்டியில் நெற்றியை மேசை விளிம்பில் இடித்துக்கொண்டார். பத்தொன்பதாவதில் பேன்ட் முழங்கால் கிழிந்தது. ஊழியர்களில் ஒருவர் தண்ணீர் கொண்டுவந்தார். நான் வாங்கிக் குடித்தேன். இரண்டு வருட ஒத்திகையில் இவ்வளவு நல்ல காட்சி எனக்குத் தோன்றியதே இல்லை.

இருபத்தைந்தாவது பெட்டி முடிந்ததும் அவருக்கு மூச்சு வாங்கியது. "கொஞ்சம் உக்காந்துக்கிறேன் சகல" என்றார். எனக்கு அப்போதுதான் அந்த யோசனை வந்தது. செத்த போர்டு எங்கே என்று கேட்டேன். கிடங்கு அறையில் அட்டைப்பெட்டியில் கிடப்பதாகத் தலைமை நூலகர் சொல்லி, ஆளனுப்பி எடுத்துவரச் செய்தார்.

என் கணக்கு இதுதான். மச்சத்தை மாற்ற வேண்டும் என்பது சகலைக்குத் தெரியாது. ஆகவே அவர் எழுதிய போர்டில் என் வீட்டு மச்சம் இருக்கும். செத்த போர்டின் சிப்பைப் படித்து, அதில் என் வீட்டு மச்சத்தைக் காட்டிவிட்டால் ஆள் கையும் களவுமாக மாட்டினார். நெஞ்சில் கை வைத்ததெல்லாம் பொய் என்று எல்லார் முன்னாலும் போட்டு உடைக்கலாம். இதை யாரிடமும் முன்கூட்டிச் சொல்லவில்லை. முதலில் நான் பார்த்துவிட்டு, பிறகு கூட்டத்தைக் கூப்பிடலாம் என்று நினைத்தேன். ருசித்துச் சாப்பிட வேண்டியதை அவசரமாக விழுங்குவானேன்.

போர்டை மூலை மேசையில் வைத்துத் தூசி தட்டினேன். கிளிப்பை எடுத்து சிப்பின் எட்டுக் கால்களையும் கவ்வினேன். லேப்டாப்பில் இணைத்துப் படித்தேன். என் வழக்கப்படி இரண்டு முறை படித்து ஒப்பிட்டேன். பிறகு மச்சம் இருக்கும் இடத்துக்குப் போனேன்.

என் வீட்டு எண் இல்லை.

போர்டின் ஸ்டிக்கரைப் பார்த்தேன். திரையைப் பார்த்தேன். பன்னிரண்டு எழுத்தும் பொருந்தியது. அந்தப் போர்டின் சொந்த மச்சம், அழகாக, இருக்க வேண்டிய இடத்தில் பதிக்கப்பட்டிருந்தது. அப்படிப் பதிக்கத் தெரிந்த ஆள் அந்தக் கடையில் ஒருவன்தான்.

திரையில் அப்படியே கீழே இறங்கி, படத்தைப் பிடுங்கிய பள்ளத்துக்குப் போனேன். நிரப்பியது பதினாறு எழுத்து குறைவு. அதற்குப் பின்னால் எல்லாமே பதினாறு இடம் நகர்ந்திருந்தது. மறுநாள் கோப்பைச் சரிபார்த்துத் திருத்தினேன் என்று சொன்னேனே, திருத்தியது இதைத்தான். இதே தப்போடு முந்தின நாளே நான் ஒரு போர்டில் எழுதிவிட்டேன் என்பது அன்றைக்கு எனக்கு உறைக்கவே இல்லை. கோபத்தில் கண் தெரியவில்லை. எழுதியது எழுதியபடி இருக்கிறதா என்று ஒப்பிட்டேனே தவிர, எழுதியதே தப்பு என்று பார்க்கவில்லை. ஆன் செய்து பார்க்காமல் டீ குடிக்கப் போனேன்.

சகலை ஆன் செய்யத்தான் செய்திருக்கிறார். வேறு ஒன்றும் தொடவில்லை.

கடிதத்தில் அவர் என்ன எழுதியிருந்தாரோ அது உண்மை. போர்டைக் கெடுத்தேன், கலாட்டா செய்தேன். இரண்டு வருடமாகப் பெண்டாட்டியைத் தங்கை வீட்டுக்கு அனுப்பாமல் வைத்திருந்தது எதற்காக?

"என்ன சகல, ஏதாவது தெரியுதா?" என்று அந்தக் கோடியிலிருந்து சகலை கேட்டார். தலைமை நூலகரும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என் பக்கம் கிளம்பினார். "அங்கயே இருங்க, கூப்பிடுறேன்" என்றேன்.

சிப்பில் இருந்ததைப் படித்தால் முதல் வேலையாகச் சேமிப்பேன். இருபது வருடமாக அப்படித்தான். அழிப்பதற்கு முன் ஒரு நகல் இல்லாமல் எந்தச் சிப்பையும் நான் தொட்டதில்லை. அன்று சேமிக்கவில்லை. சேமிக்கட்டுமா என்று திரை கேட்டது, வேண்டாம் என்றேன். சரியான கோப்பில் இந்தப் போர்டின் மச்சத்தைப் பதித்து, பழையதன் மேலேயே எழுதிவிட்டேன். நாலு நிமிடம். அவர்கள் பக்கத்தில் வந்து நின்றபோது எழுதி முடிந்திருந்தது.

"என்ன இருந்துச்சு அதுல?" என்றார் தலைமை நூலகர்.

"குப்பை மேடம். ஒண்ணும் புரியல."

மின்சாரம் கொடுத்து, திரையை இணைத்து, ஆன் செய்தேன். விசிறி சுற்றியது. ஒரு பீப் சத்தம். திரையில் எழுத்து வந்தது. ஊழியர்கள் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல் முதுகில் விழுவது போல இருந்தது.

மீதிப் பெட்டிகளுக்கு நானே கீழே குனியப் போனேன். சகலை விடவில்லை. "என் வேலை, நானே செய்றேன்" என்று முழங்காலில் போய்ப் படித்தார். ஒரு தடவைக்கு மேல் நான் படிக்கச் சொல்லவில்லை. மூன்று மணிக்கு முடிந்தது. நாற்பதையும் சேர்த்து ஆன் செய்தோம். பட்டியலில் நாற்பது பெயர் வரிசையாக வந்து நின்றது, ஒன்றும் மறையவில்லை.

தலைமை நூலகர் தாளும் பேனாவும் கொண்டுவந்து மேசையில் வைத்தார். நான் சொன்னபடியே தட்டச்சு செய்திருந்தார். "அந்தப் போர்டைக் கெடுத்ததும் நானே" என்ற வரி நடுவில் இருந்தது.

"அந்த வரி வேண்டாம் மேடம்" என்று சொல்ல வாயெடுத்தேன். சத்தியமாக வாயெடுத்தேன். அதற்குள் சகலை நாற்காலியில் உட்கார்ந்து, கிழிந்த முழங்காலைத் தடவிக்கொண்டே பேச ஆரம்பித்துவிட்டார்.

"கீழ கெடக்கும்போது பூரா அதத்தான் யோசிச்சேன் சகல. மச்சம்னு ஒண்ணு இருக்குறதே தெரியாம நாப்பது போர்டு எழுதிருக்கேன். அப்படிப்பட்டவன் அன்னைக்கு என்ன பண்ணேன்னு எனக்கே என்ன தெரியும்? ஆன் மட்டும்தான் பண்ணேன்னு நெனச்சுட்டு இருக்கேன். அந்த அவசரத்துல வேற எதையாவது அமுக்கியிருப்பேன். நீங்க அப்பவே சொன்னீங்க. நான்தான் கேக்கல." பேனாவை எடுத்தார். "நான்தான் பண்ணியிருப்பேன்."

கையெழுத்துப் போட்டார். நிதானமாக, தேதியும் போட்டார். எழுந்து என் எதிரில் வந்து இரண்டு கைகளாலும் என் கையைப் பிடித்துக்கொண்டார். விரலெல்லாம் பெட்டித் தூசி.

"மன்னிச்சிருங்க சகல."

இரண்டு வருடமாக அந்த வார்த்தைக்காகத்தான் உயிரை வைத்திருந்தேன். சுற்றி நின்றவர்கள் எல்லாரும் என் வாயையே பார்த்தார்கள். சொல்ல வேண்டியது என்னவென்று எனக்குத் தெரியும், அதைச் சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகாது.

"பரவால்ல விடுங்க" என்று அவரை மன்னித்தேன்.